கட்டையில்லாத வயலில் ஒரு வெள்ளோட்டம்

ட்ரெகில்லஸ் பண்ணை,
ஆர்ட்ராசன் அருகே,
தென் ஆஸ்திரேலியா.
14 மே 1901

மெல்பர்ன் மாநகரில் தேசம் பிறந்ததைக் கண்குளிரக் கண்டுவிட்டு, இன்னும் ஊர் திரும்ப மனமில்லாமல் இருக்கும் என் கணவர் ஜேபஸ் ட்ரெகில்லஸ் அவர்களுக்கு, விதைப்பு வயலிலிருந்து டாம்சின் எழுதிக்கொள்வது.

நானும் குழந்தை ரூத்தும் குதிரைகளும் நலம். உங்கள் நலத்தை நீங்களே நான்கு பக்கம் எழுதியிருப்பதால் நான் கேட்கவில்லை.

கடிதம் நேற்று கிடைத்தது. நாடாளுமன்றத் திறப்பு விழாவைப் பற்றிப் படித்துப் புல்லரித்துப் போனேன். பன்னிரண்டாயிரம் பேர் ஒரே கூரையின் கீழ் நின்றார்களாம், மகாராணி இறந்த துக்கத்துக்காகச் சீமாட்டிகள் எல்லோரும் கறுப்பிலும் ஊதாவிலும் வந்தார்களாம். மேகம் விலகி வெயில் அடித்தபோது உங்கள் கண்ணில் நீர் வந்ததாம். ‘ஆறு குடியேற்றங்களைச் சேர்த்து ஒரு தேசத்தைப் பெற்றெடுத்துவிட்டோம், டாம்சின்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றெடுப்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். ரூத் பிறந்த அன்றைக்கும் நீங்கள் குடியேற்றங்களின் ஐக்கியத்துக்கு ஆதரவு கேட்டு மண்டபத்தில் பேசிக்கொண்டுதான் இருந்தீர்கள். மருத்துவச்சியை அழைத்துவரப் பக்கத்துப் பண்ணை ஆனர் ரோடாதான் ஓடினாள்.

இங்கே மழை நன்றாக விழுந்தது. ஊர் முழுக்க விதைப்பு முடியப் போகிறது. நான் மேற்கு வயலை மட்டும் முடித்திருக்கிறேன், அதுவும் கையால் தூவி. கலப்பையோடு சேர்ந்த விதைக்கும் இயந்திரத்தைத்தான் விதைப்பு மாதம் பார்த்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்களே! பாதி விதை, மண்ணுக்குள் விட்டுப்போன மரக் கட்டைகளின் மேல் கிடக்கிறது. காக்கைகளுக்குத்தான் இந்த வருடம் நல்ல அறுவடை.

இனி உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தின் கடைசிப் பத்தி. விழா எல்லாம் முடிந்த பிறகு, போனால் போகிறது என்று எழுதியது போல இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள், அதை வாங்கலாமா என்று பார்க்க வந்த கலப்பைப் பட்டறை முதலாளி பெவரலின் நிலத்தில், அவருடைய ஆட்கள் முன்னால் நம் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினீர்கள். அது வேலை செய்யவில்லை. “என்னய்யா ட்ரெகில்லஸ், மூடும் மூடும்னு சொன்னீங்க, உங்க மூடி அசையக்கூட மாட்டேங்குதே!” என்று பெவரல் சிரித்தாராம். கெஞ்சிக் கூத்தாடி 23ஆம் தேதி வியாழக்கிழமைக்கு இன்னொரு தவணை வாங்கியிருக்கிறீர்கள். எந்த ஆணியைத் தளர்த்த வேண்டும் என்று நான் உடனே தந்தி அடிக்க வேண்டும்.

இதைப் படித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பப் போனேன். அங்கே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ‘பெவரலின் நிலம் வெண்ணெய் போல இருக்கிறது, ஒரு கட்டை கிடையாது, ஒரு கல் கிடையாது, நம் மண்ணை நினைத்தால் அழுகை வருகிறது.’

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனரிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்து அடுப்பங்கரைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஏன்டி, உன் புருஷன் அங்க பார்லிமெண்டைத் திறக்கப் போனாரா, கலப்பையை விக்கப் போனாரா? ரெண்டுல ஒண்ணாச்சும் உருப்படியா நடந்துச்சா?” என்றாள்.

ஜேபஸ், அந்த மூடி எதற்கு இருக்கிறது? கலப்பை முனை கட்டையில் முட்டி மேலே எழும்பும்போது விதைக்குழாயின் வாயை மூடுவதற்கு. முனை மண்ணில் இறங்கியதும் திறந்துகொள்வதற்கு. கட்டை இருந்தால்தான் முனை எழும்பும், முனை எழும்பினால்தான் மூடி மூடும். வெண்ணெயில் போய் அதை ஓட்டினால் அது எதற்கு மூட வேண்டும், உங்களுக்கு மரியாதை செய்யவா? கட்டை தாண்டும் கலப்பை பிறந்த மண்ணில் பிறந்து வளர்ந்த மனிதர், கட்டையே இல்லாத வயலில் நின்று ஆணியைத் தேடுகிறீர்கள். ஒரே ஒரு பருவம் அதன் பின்னால் நடந்திருந்தால் இது தெரிந்திருக்கும். ஐக்கியக் கூட்டங்களுக்காக நீங்கள் மாவட்டம் சுற்றிய இரண்டு பருவமும் அதன் பின்னால் நடந்தவள் நான். விதை வீணாவதைப் பார்த்து வயிறு எரிந்தவளும் நான். உங்கள் பழைய பூட்ஸின் நாக்குத் தோலையும் உடைந்த அடுப்புக் கதவின் கீலையும் வைத்து அந்த மூடியைச் செய்தவளும் நான்தான். நீங்கள் அதற்குச் செய்தது பச்சைப் பெயிண்ட். அப்புறம் துரைமார் பார்ப்பார்கள் என்று பூட்ஸ் தோலைப் பிய்த்துப் போட்டுவிட்டு வார்னிஷ் அடித்த புதுத் தோலை மாட்டினீர்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கையெழுத்துக்குக் கீழே ஒரு குறிப்பு எழுதியிருந்தீர்கள். காப்புரிமைக்கு அடிலெய்டில் உங்கள் பெயரில் பதிந்துவிட்டீர்கள். ஜூன் முடிவதற்குள் முழு விவரமும் படங்களும் கொடுக்க வேண்டும், ஆகவே நான் வரைந்து அனுப்ப வேண்டும். ‘உன் பேர் என்ன, என் பேர் என்ன, ரெண்டும் ஒண்ணுதானே’ என்று வேறு.

‘இதை முதன்முதலில் உண்மையாகக் கண்டுபிடித்தவன் நானே’ என்று நீதிபதி முன்னால் உறுதிமொழி கொடுத்துத்தானே பதிந்திருப்பீர்கள்? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கம் செய்கிற அதே வாயால்தானே?

மனைவியின் சொத்து மனைவிக்கே என்ற சட்டம் இங்கே வந்து பதினேழு வருடம் ஆகிறது. அதைப் புகழ்ந்து பேசாத மேடை உங்களுக்கு இல்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 94இல் நீங்கள் பேசியபோது நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன். அப்போது உங்களை எவ்வளவு பெருமையாகப் பார்த்தேன் தெரியுமா? இந்த மார்ச்சில் இந்தத் தேசத்தின் முதல் தேர்தலில் நானும் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தேன். மெல்பர்ன் சீமாட்டிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தேசத்துக்கு யார் வேண்டும் என்று சொல்ல என் பெயர் செல்லும். நான் செய்த மூடிக்கு மட்டும் செல்லாதா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அதைவிட வெட்கமாக இருக்கிறது, உங்களுக்காக.

தந்தி அடிக்கப் போவதில்லை. நானே வருகிறேன். ஆனரின் தம்பி கிழக்கு வயலை விதைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான், ரூத்தை ஆனர் பார்த்துக்கொள்வாள். புதன்கிழமை காலை ஸ்பென்சர் தெரு ரயில் நிலையத்தில் இறங்குவேன். கையில் ஒரு சாக்கு இருக்கும், தூக்க நீங்கள் வர வேண்டும். அதில் நம் வயலில் தோண்டிய மாலி மரக் கட்டைகள் இரண்டு. அவற்றைப் பெவரலின் வெண்ணெயில் புதைத்து ஓட்டிக் காட்டலாம். உங்கள் இன்னொரு பூட்ஸின் நாக்கையும் அறுத்துக் கொண்டுவருகிறேன். படங்களும் வரைந்தாகிவிட்டது, அவையும் என் பையில் இருக்கும்.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். மூடியைத் தாங்கும் இரும்புப் பட்டையின் அடிப்பக்கத்தில் பச்சைப் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். அரத்தால் கீறிய ஓர் எழுத்து இருக்கும். என் பெயரின் முதல் எழுத்து, இறைச்சி அடைத்துப் பேஸ்டி சுடும்போது எது யாருக்கு என்று தெரிய மாவின் மூலையில் கீறுவேனே, அதே எழுத்து. செய்து முடித்த அன்றே கைப்பழக்கத்தில் கீறிவிட்டேன். அதன் மேல்தான் நீங்கள் இரண்டு பூச்சு பூசியிருக்கிறீர்கள்.

வியாழக்கிழமை பெவரல் என்னைப் பார்த்து, இது யார் என்று கேட்பார். ‘என் மனைவி’ என்று மட்டும் சொன்னீர்களானால், வணக்கம் சொல்லிவிட்டுக் கட்டைகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மாலை ரயிலில் திரும்பிவிடுவேன். நீங்கள் உங்கள் ஆணியைத் தேடிக்கொண்டிருக்கலாம். வேறொன்று சொன்னீர்களானால், அடிலெய்டில் இறங்கி அந்தப் பதிவையும் திருத்திவிட்டு இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு வரலாம். மணிக்கணக்கில் மேடையில் பேசுகிறவருக்கு அது ஒரே ஒரு வாக்கியம். யோசிக்க ஒரு வாரம் இருக்கிறது.

மெல்பர்ன் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பேஸ்டி சுட்டுக் கொண்டுவருகிறேன். ஒன்றில் உங்கள் எழுத்து இருக்கும், ஒன்றில் என் எழுத்து. பத்தொன்பது வருடத்தில் எவ்வளவு பசியோடு வந்தாலும், என் எழுத்துப் போட்டதை ஒருநாளும் நீங்கள் எடுத்துக் கடித்ததில்லை, ஜேபஸ். அந்த நல்ல பழக்கத்தைக் கடவுள் உங்களுக்குக் கடைசிவரை காப்பாற்றித் தரட்டும்.

இப்படிக்கு,
ரயிலடியில் உங்களைத் தேடப் போகும்
டாம்சின்