வலி போன பின்னும் ஊசி

1971 ஜூலை 5, திங்கள்

சாயங்காலம் திடீர் மழை. கொடியில் போட்டதெல்லாம் நனைந்தது. காம்போசிஷன் நோட்டு திருத்தல் பாக்கி. மண்ணெண்ணெய் தீர்ந்தது.

டாக்டர் டிஸ்பென்சரியில் சனிக்கிழமை திருட்டு. அலமாரியை உடைத்து ஊசி மருந்து மட்டும் போயிருக்கிறது. ரேடியோ வைத்த இடத்திலேயே இருக்கிறதாம். நம் ரிக்‌ஷா கன்னியப்பனைப் பிடித்துப் போய்விட்டார்கள். அந்தச் சுவரோரம்தான் வண்டியில் தூங்குவான். முன்னே ஒயர் திருட்டுக் கேஸ் வேறு. ஸ்கூலுக்கு நடை.

இவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்கவில்லை. "ஓ" என்றார்.

6, செவ்வாய்

புழுக்கம். கன்னியப்பன் பெண்சாதி தனம் செம்பாக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை.

"அடிச்சிகினே கீறாங்க டீச்சர். ஊசிய யாருக்கு வித்தேன்னு கேக்கறாங்க. அதுக்கு ஊசின்னாலே பயம். நீ வந்து ஒரு வார்த்த சொல்லேன்."

வருகிறேன் என்றேன். உள்ளே இவர் இருமினார்.

போன வருஷம் எலெக்ட்ரிக் ட்ரெயினிலிருந்து விழுந்து, இவருக்குக் கால் ஆபரேஷன். வலிக்குப் பெத்தடின் ஊசி. டாக்டர் எழுதினார், கம்பவுண்டர் வந்து போட்டார். கால் கூடிவிட்டது. ஊசி நிற்கவில்லை. போன மாதம் டாக்டர், இனி எழுதமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து வியர்வை, வாந்தி, எதற்கெடுத்தாலும் சள்ளென்று விழுவது. ஞாயிறு காலையிலிருந்து மட்டும் சாந்தம். பாட்டுகூட.

இதை யோசிக்கக் கூடாது என்று அரிசி புடைத்தேன்.

7, புதன்

மறுபடி தூறல். ஸ்கூலுக்குப் போக இவருடைய மழைக்கோட்டை எடுத்தேன். பையில் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், பஞ்சு சுற்றி. லீவ் போட்டேன்.

இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் குப்பிகளை மேஜைமேல் வைத்தேன்.

"வலி தாங்கலையா?"

"வலி போய் மாசக்கணக்காச்சு, ஸ்டெல்லா. இது இல்லாட்டி நான் நானா இல்லே."

"அங்கே அவனை அடிக்கிறாங்க."

"தெரியும். தெரிஞ்சும் ஆபீஸ் போனேன், பாரு." அழுதார்.

சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்த மனுஷன். உடைத்தது இவரா, மருந்தா? மருந்துதான் என்றால் கன்னியப்பன் முதுகுக்கு யார் பதில் சொல்வது? மருந்தா சொல்லும்?

நாளைக்கு வருகிறேன் என்று அவராகவே சொன்னார். சாப்பிடவில்லை. நானும்.

8, வியாழன்

இருவரும் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். திருடியது நான்தான் என்று இவர் சொன்னதை நம்பவே இல்லை.

"ரிக்‌ஷாக்காரனுக்காகப் பாவம் பார்த்துப் பேசறீங்க சார். உங்களுக்கேன் வம்பு?"

இவர் முழுக்கைச் சட்டையை மடித்துக் காட்டினார். முழங்கை வரை ஊசித் தழும்பு. அப்புறம்தான் இன்ஸ்பெக்டர், "எழுந்திரு" என்றார்.

கன்னியப்பனை விட்டார்கள். நொண்டினான். இவர் கைகூப்பினார். அவன் என்னைப் பார்த்து, "நாளிக்கு வண்டி வராது டீச்சர்" என்றான். அவ்வளவுதான்.

10, சனி

வெயில். ஜெயில் ஆஸ்பத்திரியில் இவரைப் பார்த்தேன். நடுக்கம். முகச்சவரம் இல்லை. அதே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருகிறார்களாம். டாக்டர் தந்தால் வைத்தியம், தானே எடுத்தால் குற்றம். நடுவில் எந்த இடத்தில் இவர் வழி தவறினார் என்று திரும்பும் பஸ்ஸில் யோசனை. பல்லாவரம் தாண்டியும் தெரியவில்லை.

கிளம்பும்போது இவர், "கன்னியப்பனைப் பார்த்தியா?" என்று கேட்டிருந்தார்.

வரும் வழியில் அவன் வீட்டுக்குப் போனேன். தைலம், பன். தனம் வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. சரிதான்.

11, ஞாயிறு

சர்ச்சுக்குத் தனியே. கடைசி பெஞ்ச். பிரசங்கம் காதில் ஏறவில்லை. இவருக்கு டைபாய்டு என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன்.

வெளியே வந்ததும் போதகரின் மனைவி என் கையைப் பிடித்தார். சுற்றிலும் எல்லாரும். "சாரைக் காணோமே, ஊர்ல இல்லையா?"

"ஜெயில்ல இருக்கார்" என்றேன்.