பழைய கூடார வண்டில்

இஞ்சேருங்கோ, இன்றைக்கு வண்டிலைத் திறந்தேன்.

பிக்கரிங்கில் உங்கள் சிநேகிதர் வீட்டுக் கராஜுக்குப் பக்கத்தில், நீங்கள் கடைசியாக மூடிக் கட்டிவிட்டுப் போன அதே கோலத்தில்தான் நின்றது. தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். கூரை முனகிக்கொண்டே எழும்பியது. இரண்டு பக்கமும் படுக்கைகளை வெளியே இழுத்து விட்டு, துணிக்கதவின் சிப்பை இழுத்துத் திறந்தேன். கன்வஸ் துணியின் மணம் முகத்தில் அடித்தது. அதோடு விறகுப் புகை, நுளம்பு கடிக்காமல் பூசுகிற எண்ணெய், கொஞ்சம் மிளகாய்த்தூள். அழுவதில்லை என்று சொல்லிக்கொண்டுதான் வீட்டிலிருந்து புறப்பட்டேன். அது நடக்கவில்லை.

உங்கள் அக்கா என்னோடு வந்தார். ஆனால் நாங்கள் ஓடிவந்த வானை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியையும் கீழே இறக்கவில்லை.

சிநேகிதர் வீட்டை விற்கிறார். இனி வண்டிலை அங்கே விடமுடியாது. மல்வேர்னில் எங்கள் ரவுண்ஹவுஸ் வரிசைவீட்டு வளவில் இப்படி ஒன்றை நிறுத்தினால் அடுத்த நாளே நோட்டீஸ் ஒட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் கொண்டுபோனால் உங்கள் அக்காவுக்கு நிம்மதி. மகளோ, வித்தால் என்னோடு கதைக்கமாட்டேன் என்கிறாள். "அம்மா, இற்ஸ் அப்பாஸ் பெட். யூ கான்ற் செல் இற்" என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினாள். அப்பாவின் கட்டிலாம், விற்கக்கூடாதாம். இரண்டுக்கும் நடுவில் நான். இப்படியான நேரங்களில் முன்பு உங்களைத்தான் கேட்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் அந்த மீனில் தொடங்கியது. முதல்முதல் காம்பிங் போனபோது நாங்கள் என்ன செய்தோம் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊரெல்லாம் சொசேஜ் சுட்டுச் சாப்பிட, நாங்கள் கூடாரத்து வாசலில் புட்டும் அவித்து, விளைமீன் குழம்பும் வைத்து, மிச்சத்தைப் பொரித்தும் போட்டோம். மணத்துக்கு மூன்று குடும்பம் எட்டிப் பார்த்தது. பிறகு பார்க் காவலர் வந்து, படுக்கிற இடத்தில் இப்படிச் சமைத்தால் கரடி வரும் என்று பண்பாகச் சொன்னார். நீங்கள் இன்னும் பண்பாக, அவருக்கு ஒரு பொரியல் துண்டை நீட்டினீர்கள். அவர் வாங்கித் தின்றுவிட்டு, கரடி கட்டாயம் வரும் என்றார். இரவு முழுக்க நீங்களும் நானும் பிள்ளைகள் இரண்டுமாய் வானுக்குள் இருந்தபடியே கழித்தோம்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நீங்கள் சொன்னது: "இஞ்சரும், படுக்கிறது ஒரு இடம், சமைக்கிறது ஒரு இடமாய் இருக்கவேணும். ஆக்கள் இல்லாத இடத்துக்கும் போகவேணும். அப்பிடி ஒண்டு பாப்பம்." நான் ஏதோ சின்ன அடுப்பு வாங்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன். மனிதர் வானுக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற ரெயிலர் வண்டிலே வாங்கப் புறப்பட்டார்.

அந்த வசந்தகாலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு அதுவே வேலையாகிப் போனது. புதுசு விற்கிற இடங்களில் வரிசையாக மினுங்கிக்கொண்டு நிற்கும். உள்ளே ஏறமுதல் நாங்கள் நால்வரும் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைப்போம். விற்பனைக்காரர் வேண்டாம் வேண்டாம் என்பார். வீட்டுக்குள் போவதுபோல் இருந்தால் கால் தானாகக் கழற்றிவிடுகிறது, என்ன செய்வது. மூன்றாவது கடைக்கு நீங்கள் புட்டுப்பானையையும் கறிச்சட்டியையும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்தீர்கள். வெட்கத்தில் நான் தூரத்தில் போய் நின்றேன். அடுப்பில் இரண்டையும் ஒருமித்து வைத்துப் பார்த்தீர்கள். பானை இருந்தால் சட்டிக்கு இடமில்லை. "நல்ல சாமான், ஆனால் இது பாணும் பட்டரும் தின்னுற ஆக்களுக்குச் செய்தது" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, விற்பனைக்காரருக்குக் கைகொடுத்து விடைபெற்றீர்கள்.

எனக்குப் புதுசில்தான் ஆசை. மறைக்க ஒன்றுமில்லை. கனடாவுக்கு வந்ததிலிருந்து வீட்டில் இருந்த சோபா, மேசை, பிள்ளைகளின் கட்டில் எல்லாம் ஆரோ இருந்து தேய்த்துவிட்டுத் தந்தவை. ஒரு முறையாவது மற்றவர் தொடாத ஒன்று வரட்டும் என்று நினைத்தேன். புதுசுக்கு உத்தரவாதம் உண்டு, மழை ஒழுகினால் கேட்க ஆள் உண்டு. ஆனால் அவற்றின் சில்லுகள் சின்னவை, வயிறு நிலத்தோடு. தார்ரோட்டில் போய்த் தார்ரோட்டில் திரும்பிவரச் சரி. நீங்கள் போக நினைத்த இடங்களுக்கு அது போகாது என்று பார்த்தாலே தெரிந்தது.

பிறகுதான் பேப்பரில் அந்த விளம்பரம். பீற்றர்பரோவுக்கு அப்பால் ஒரு பண்ணைவீடு. வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருவர் சில்லெல்லாம் உயர்ந்த ஒரு கூடார வண்டிலைக் காட்டினார். அவருடைய கணவர் தன் கையால் அச்சை மாற்றி, பெரிய ரயர் பூட்டி, பின்பக்கம் லாச்சிபோல இழுத்தால் வெளியே வருகிற, அடுப்போடு ஒரு குசினியும் செய்துவைத்திருந்தார். நீங்கள் கீழே படுத்து இரும்பில் கறள் பிடித்திருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தீர்கள். நான் உள்ளே ஏறி மூலைகளைக் காலால் அமர்த்தினேன், தண்ணீர் ஊறியிருந்தால் பலகை அமுங்கும் என்று சொல்லித் தந்திருந்தீர்கள். அமுங்கவில்லை. கன்வஸில் ஒரு கிழிசல், அதையும் அழகாகத் தைத்திருந்தார்கள். புட்டுப்பானையும் கறிச்சட்டியும் அடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே அப்போது.

ஏன் விற்கிறீர்கள் என்று நான் கேட்டேன். கணவர் போன இலையுதிர்காலத்தில் இறந்துவிட்டார் என்றார். கண் கலங்காமல்தான் சொன்னார், ஆனால் கை துணிக்கதவை விடவில்லை. "பார்க்கில் நிறுத்தி வைத்திருக்க என்றால் தரமாட்டேன். ரோட்டு முடிகிற இடத்துக்கு அப்பால் கொண்டுபோக என்றால் தருவேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில், ஒஷாவா தாண்டின பிறகு கேட்டீர்கள்.

"இஞ்சரும், என்ன சொல்லுறீர்?"

"அந்த மனுசி பாவம்" என்றேன்.

"நான் வண்டிலைக் கேட்டனான்."

"வண்டில் நல்லாயிருக்கு. ஆனால் மச்சாள் என்ன சொல்லுவாவோ தெரியாது."

தெரியாமல் என்ன, தெரியும். அன்று பின்னேரமே உங்கள் அக்கா வீட்டுக்கு வந்து நின்றார். "புருசன் செத்து வருசம் திரும்பேல்லை, அந்த வீட்டுச் சாமானை ஆரும் வாசலுக்குக் கொண்டருவினமோ? அதுவும் படுக்கிற சாமான்! ஆசையாய்ச் செய்தவன் அதை விட்டிட்டு லேசிலை போவானோ?" என்று தலையில் கைவைத்தார். உங்களுக்கு அக்கா என்றால் தாய்க்குச் சமம். தாய் போன பிறகு உங்களைத் தூக்கி வளர்த்தவர். நீங்கள் எதிர்த்துக் கதைத்து நான் கண்டதில்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. "அக்கா, நாங்கள் இருக்கிற வாடகை வீட்டிலை முந்தி ஆர் ஆர் செத்தவை எண்டு கேட்டே வந்தனாங்கள்? ஊரிலை எங்கடை வீட்டிலை இப்ப ஆர் படுக்கினமோ. அவையளும் நல்லாய்ப் படுக்கட்டும்" என்றீர்கள். அவர் தேத்தண்ணீரைத் தொடாமல் எழும்பிப் போனார். அடுத்த கிழமை வண்டில் வந்தது.

மூன்று கோடைகள். எனக்கு வாய்த்தது அவ்வளவுதான், ஆனால் அது குறைவில்லை என்று இப்போது நினைக்கிறேன். கல்ரோட்டில் ஏறி, பிறகு மரம் வெட்டுகிறவர்கள் போட்ட மண்பாதையில் இறங்கி, வண்டில் ஆடி ஆடி வர, பிள்ளைகள் பின்கண்ணாடியால் அதைப் பார்த்துக் கத்திக்கொண்டு வருவார்கள். ஏரிக்கரையில் ஒரு வெட்டைவெளி. பக்கத்தில் ஒரு சனம் இல்லை. நாங்கள் விரும்பின மீனை விரும்பினபடி பொரித்தோம். கரடி வரவேயில்லை.

ஆனால் எனக்குப் பெரிது அது இல்லை. நீங்கள் தூங்கினீர்கள். கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறையில் பலர் முறைவைத்துப் படுத்த காலத்திலேயே உங்கள் நித்திரை கெட்டுப்போனது. பிறகு தொழிற்சாலை, ஒரு கிழமை பகல் சிவ்ற் வேலை, ஒரு கிழமை இரவு வேலை. வீட்டில் ஒரு கரண்டி விழுந்தால் எழும்பி உட்காருவீர்கள். ஆரோ கதவைத் தட்டுவதாகச் சொல்வீர்கள். நான் போய்ப் பார்த்து ஒருவரும் இல்லை என்று சொல்லவேண்டும். அந்தக் கன்வஸுக்குள் மட்டும், மழை கொட்டினாலும், நீங்கள் விடிய விடியக் குறட்டை விட்டீர்கள். சின்னவன் அதைக் கேட்டுப் போர்வைக்குள் சிரிப்பான். நான் சிரிக்கவில்லை. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் என் மனிதர் பயமில்லாமல் நித்திரை கொள்வதை அங்கேதான் பார்த்தேன். அதைப் பார்ப்பதற்காகவே நான் விழித்திருந்தேன்.

மூன்றாம் கோடைக்குப் பின் வந்த மாரியில், வாசலில் ஸ்நோ தள்ளப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. நெஞ்சு என்றார்கள். ஒரு வருத்தமும் சொல்லாத நெஞ்சு.

செத்தவீட்டில் உங்கள் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுதபடியே காதுக்குள் சொன்னார்: "நான் அண்டைக்கே சொன்னனான், கேட்டியளோ? அந்த வண்டிலாலைதானடி." கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிகிறதுக்குள் மல்வேர்ன் முழுக்க அந்தக் கதைதான். எனக்குக் கோபம் வந்தது. நம்பவும் இல்லை. ஆனால் ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும்: சில பின்னேரங்களில், பிள்ளைகள் வர முதல், வீடு சும்மா கிடக்கும்போது, அது உண்மையாய் இருக்குமோ என்று ஒரு பயம் வந்து போகும். அப்போது எனக்கு என்னையே பிடிக்காது. ஒரு வருசத்து ஆட்டைத்திவசம் முடியும்வரை அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன்.

இன்றைக்கு நான் உள்ளே இருந்து அழுதுகொண்டிருக்க, வானின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உங்கள் அக்கா துணிக்கதவை விலக்கிக்கொண்டு நின்றார். இவ்வளவு காலத்தில் முதல் தடவை. சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"தம்பி எந்தக் கட்டிலிலை படுக்கிறவன்?"

காட்டினேன். அதன் ஓரத்தில் மெல்ல இருந்து, விரிப்பைக் கையால் தடவினார். பிறகு, பயந்த குழந்தைபோலக் கேட்டார்.

"வடக்கை தலை வைச்சுப் படுக்கேல்லைத்தானே அவன்? சின்னனிலையிருந்து சொல்லிச் சொல்லி வளத்தனான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நாளும் அவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. எங்கேயோ ஒரு பிழை நடந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் நீங்கள் ஏன் போனீர்கள் என்பதற்கு ஒரு விடை கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கும் நித்திரை இல்லை.

நீங்கள் எவ்வளவு திசை பார்க்கிறவர் என்று எனக்குத் தெரியும். எந்த ஏரிக்குப் போனாலும் முதலில் சூரியனைப் பார்த்து, பிறகு வண்டிலை முன்னுக்கும் பின்னுக்குமாய் எடுத்து, நான் கை காட்டிக் காட்டிக் களைத்து, பிள்ளைகள் பசியில் கத்தி, கட்டில் கிழக்கு மேற்காய் வந்த பிறகுதான் எஞ்சினை நிற்பாட்டுவீர்கள். கடைசிப் பயணத்தில் மட்டும் மழை பெய்து பாதை சேறாகிவிட்டது. வண்டிலைத் திருப்ப முடியவில்லை. தலைமாடு நேர் வடக்கு. மற்றப் பக்கம் தலையை வைத்தால் சரிவில் இரத்தம் எல்லாம் தலைக்கு வரும். வடக்கே தலை வைக்கவேண்டாம் என்று நான் கரைச்சல் படுத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள். "இஞ்சரும், கனடாவே வடக்குத்தான். இதுக்குள்ளை இன்னொரு வடக்கே? பேசாமல் படும்" என்று விளக்கை அணைத்தீர்கள். அன்றைக்குத் தூங்கியதுபோல் நீங்கள் ஒருநாளும் தூங்கவில்லை. நன்றாக வெயில் ஏறின பிறகுதான் கண் விழித்து, ஆரும் தட்டினவையோ என்று கேட்கக்கூட மறந்துபோய், தேத்தண்ணி கேட்டீர்கள்.

"இல்லை மச்சாள்" என்றேன். "எப்பவும் கிழக்கைதான். திசை பாக்காமல் வண்டிலை நிப்பாட்ட மாட்டார்."

உங்கள் அக்கா தலையை ஆட்டினார். சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு, செத்தவீட்டில்கூட அழாத ஒரு அழுகை அழுதார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அடங்கின பிறகு, அந்தக் கட்டிலிலேயே ஒருக்களித்துச் சாய்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. நான் ஓசைப்படாமல் இறங்கி, சனிக்கிழமை வரவிருந்தவருக்குச் சிநேகிதர் வீட்டுப் போனிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று இன்னும் தெரியாது. வண்டிலை இழுத்துக்கொண்டு வானைப் பின்னுக்கு எடுக்க எனக்குச் சரிவர வராது. பழகுவேன்.

நீங்கள் நன்றாகத் தூங்கிய அந்த இரவு என்னிடம் இருக்கிறது. அது எந்தத் திசையில் என்பது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். உங்கள் அக்காவும் ஒருநாள் நீங்கள் இருக்கிற இடத்துக்கு வருவார். வந்து கேட்டால், நான் சொன்னதை மறந்துபோயும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.