நித்யா கையிலிருக்கும் லேப்டாப்

ஜூன் 3, செவ்வாய்

கத்திரி முடிந்தும் வெயிலுக்குப் போக மனமில்லை. ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிட்டது. காலை சேலையூர், மத்தியானம் அஸ்தினாபுரம், மாலை பெருங்களத்தூர். மூன்றே வீடு. நித்யா ஐந்து.

எப்படி ஐந்து? லேப்டாப்தான், வேறென்ன. இரண்டு பேரும் ஒரே கிளினிக்குக்காக வீடு வீடாகப் போய்க் காது மிஷினுக்கு செட்டிங் வைக்கிறோம். ஒரே சாஃப்ட்வேர், ஒரே ஒயர். அவளுடையது வெள்ளி நிறம், தட்டை. ஹேண்ட்பேகிலிருந்து பவுடர் டப்பா எடுப்பது போல எடுக்கிறாள். மூடியைத் தூக்கினால் திரை தயாராக நிற்கிறது. என்னுடையது அம்மிக்கல். பேட்டரி செத்துப் பல மாதம். யார் வீட்டில் செருப்பைக் கழற்றினாலும் முதல் கேள்வி, பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது? கைமாற்று கேட்பது போல ஒரு கூச்சம்.

மூடியில் என் பையன் ஜெபின் தன் நோட்டு லேபிளை வேறு ஒட்டி வைத்திருக்கிறான். ஜெபின், மூன்றாம் வகுப்பு பி. பிய்க்க வரவில்லை.

சாயங்காலம் கிளினிக்கில் பாஸ்கர் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஜூலையிலிருந்து ஒருத்தருக்கு மாதச் சம்பளமாம். மற்றவர் இப்போது போலவே, போகிற வீட்டுக்கு இவ்வளவு. "யார் வேலை சுத்தமோ அவங்களுக்கு." நித்யா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எனக்கு அந்தச் சம்பளம் வேண்டும். மழை பெய்தால் கூலி இல்லை என்கிற பிழைப்பு போதும்.

பால் கார்டு மறக்காமல்.

ஜூன் 4, புதன்

அஸ்தினாபுரம் ராஜேஸ்வரி அம்மா வீட்டில் அரை நாள் போயிற்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஊரையே பேச வைத்தவர். இப்போது மருமகள் கூப்பிட்டால் கேட்பதில்லை. கேட்க விருப்பமில்லை என்பது மருமகள் கட்சி.

அங்கே உருப்படியான பிளக் பாயிண்ட் ஃப்ரிட்ஜ் பக்கத்தில்தான். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அம்மிக்கல் கண் விழிப்பதற்குள் காபி வந்தது, ஆறியது, மருமகள் புராணம் பாதி முடிந்தது. நடுவில் ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓட ஆரம்பித்தது, அம்மா முகம் சுளித்தார். குக்கர் விசிலுக்கு மிஷினையே கழற்றப் போனார். சரி என்று அந்தச் சத்தங்களைக் குறைத்தேன். மருமகளை அடுப்படியிலிருந்தே பேசச் சொல்லி அந்தக் குரலுக்கு ஏற்றிவைத்தேன். நித்யா இதற்குள் இரண்டு வீடு முடித்திருப்பாள்.

முடிவு: லேப்டாப் வாங்குகிறேன். வேண்டியவை:

எடை குறைவு. தோள் போய்விட்டது.
நாள் முழுக்கச் சார்ஜ்.
ஒயர் சொருக பழைய மாதிரி யு.எஸ்.பி.
வெயிலில் திரை தெரிய வேண்டும்.
என் கைக்கு எட்டுகிற விலை.
நித்யாவுடையதைவிட மெலிதாக. (அடித்துவிட்டேன். மறுபடி எழுதினேன்.)

ஜூன் 7, சனி

மேற்குத் தாம்பரம், மாடிப்படிக்குக் கீழே செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கடை. அதற்கு முன் ஷோரூம் இரண்டு ஏறி இறங்கினேன். புதிதில் என் விலைக்குக் கிடைப்பது மெலிசு, ஆனால் ஆமை. கீபோர்டு வைத்த டேப்லெட் அழகு, ஆனால் நம் சாஃப்ட்வேர் அதில் ஏறாது. ஷோரூம் பையன் "ஃபேமிலி யூஸா மேடம்" என்று கேட்டான். ஏன், என்னைப் பார்த்தால் வேலைக்குப் போகிறவள் மாதிரி இல்லையா?

கடைக்காரர் பேச்சு தேவலாம். "இந்த ரேட்டுக்குப் புச்சு வாங்காதக்கா, பேஜாரு. கம்பெனில ஓட்டிட்டுக் குட்த்தது கீது பாரு. கீபோர்டு லைட்டா தேஞ்சிகீது, அவ்ளோதான். பேட்டரி நானே மாத்தித் தரேன்." காட்டியது சாம்பல் நிறத்தில் ஒன்று. திடம். தூக்கிப் பார்த்தேன், அம்மிக்கல்லில் பாதிகூட இல்லை. பெரிய கம்பெனிகள் சில வருடம் ஓட்டி ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுமாம். எனக்கு இதுவே போதும். புத்திக்குத் தெரிகிறது.

ஆனால் மேல் தட்டில் நித்யாவுடையதே இருந்தது. அதே வெள்ளி. ஒரு மூலை நசுங்கல், அதனால் விலை இறங்கியிருக்கிறது. இறங்கியும் சாம்பலைவிட அதிகம். "அது ஷோக்குக்கா, இது வேலைக்கு" என்றார். யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டேன்.

வீட்டில் இவரிடம் இரண்டு போட்டோவையும் காட்டினேன். "உனக்கு வேணுங்கறது லேப்டாப்பா, நித்யாவா?" என்றார். சாப்பாட்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் பொறாமை பற்றி. பாஸ்டர் இத்தனை பேரை விட்டு என்னையே பார்த்தது போல இருந்தது. அடுத்தவன் எருது, கழுதை மேல் ஆசை வைக்காதே என்றார். லேப்டாப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து நேரே கடைக்கு. வாங்கியது வெள்ளி நிறம்.

நசுங்கிய மூலையைக் கையால் மூடிப் பிடித்தால் தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்

கிளினிக்கில் வேண்டுமென்றே அவள் எதிரில் திறந்தேன். நித்யா முகம் ஒரு நொடி சுருங்கியதைப் பார்த்தேன். கொடுத்த காசு வசூலாகிவிட்டது.

பிறகு அவளே வந்தாள். "அக்கா, பழசை என்ன பண்ணப் போறீங்க?" தம்பி டைப்பிங் பழக வேண்டுமாம். கடைக்காரர் ஏற்கெனவே அதைப் பார்த்து, எடைக்குத்தான் போடணும் என்று கையை விரித்திருந்தார். எடுத்துக்கொள் என்றேன், தாராளமாக. பேஷண்ட் விவரங்களை எல்லாம் அழித்தேன். சாஃப்ட்வேரையும் எடுக்கப் போனபோது, அது இருக்கட்டும் அக்கா என்றாள். தம்பிக்கு அது எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

போகும்போது இன்னொன்றும் கேட்டாள். "உங்க ஆளுங்க ஒருத்தர்கூட சரியா கேக்கலன்னு திரும்பக் கூப்பிட மாட்டேங்கறாங்களே, செட்டிங் ஏதாவது தனியா வெச்சிருக்கீங்களா?" பெரிய ரகசியக்காரி மாதிரி சிரித்துவைத்தேன். அப்படி ஒன்றும் கிடையாது.

அம்மிக்கல்லைச் சுமந்துகொண்டு அவள் படி இறங்கியதைப் பார்க்கச் சுகமாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

ஆறு வீடு! வாசல் சோபாவிலேயே உட்கார்ந்து, திறந்து, ஒயரைச் சொருகி, கம்ப்யூட்டர் சொல்கிற அளவை அப்படியே ஏற்றி, எழுந்து வந்தேன். ராஜேஸ்வரி அம்மா காபி என்று வாயெடுப்பதற்குள் வண்டியில் இருந்தேன். வண்டலூர் வரை போயும் சார்ஜ் பாதி மிச்சம்.

நித்யா மூன்று. அவளுக்கு என்ன வந்தது?

ஜூன் 26, வியாழன்

சாயங்காலம் இடி, மழை இல்லை. புழுக்கம்.

பாஸ்கர் சார்: "என்ன ஸ்டெல்லா, உங்க ஆளுங்க இப்பல்லாம் திரும்ப போன் பண்றாங்களே?" சேலையூரில் ஒருவர், பெருங்களத்தூர் ரயில்வே கார்டு சார், ராஜேஸ்வரி அம்மா. எல்லாம் இரைகிறது, பேச்சு மட்டும் புரியவில்லை என்கிறார்களாம். நான் வண்டலூர் பக்கம் இருந்ததால் ராஜேஸ்வரி அம்மா வீட்டுக்கு நித்யாவை அனுப்பிவிட்டாராம்.

என் வீட்டுக்கு நித்யா.

லேப்டாப்பைக் கடைக்காரரிடம் காட்டினேன். தட்டிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை, நன்றாக ஓடுகிறது என்றார். பின்னே கோளாறு எங்கே?

ஜூன் 30, திங்கள்

சம்பளம் நித்யாவுக்கு.

"வீடு கம்மிதான், ஆனா அவ போன இடத்துலேர்ந்து போனே வர்றதில்ல" என்றார் சார். சந்தோஷம் சார் என்றேன். அவள் ஸ்வீட் பாக்ஸை நீட்டினாள். மைசூர் பாகு. தின்றேன்.

இவர் கேட்டுக்கொண்டே ஜெபின் நோட்டுக்கு அட்டை போட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜூலை 2, புதன்

ராஜேஸ்வரி அம்மாவுக்கு மிஷின் பேட்டரி கொடுக்கப் போனேன். வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பத்தான் நினைத்தேன். உட்காரச் சொன்னார்.

"அந்த நித்யா வந்துச்சு. அதுகிட்டயும் உன்னோடது மாதிரியே குண்டு கம்ப்யூட்டர். மேல ஜெபின், மூணாம் வகுப்புன்னு ஒட்டியிருந்துது. உனக்கும் மூணாவது படிக்கற பையனாம்மான்னு கேட்டேன், அது திருதிருன்னு முழிச்சுது."

தம்பிக்கு டைப்பிங்! நல்ல தம்பி.

அம்மா நிறுத்தவில்லை. அவளும் பிளக் பாயிண்ட் கேட்டாளாம். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் அதே ஸ்டூல். கம்ப்யூட்டர் திறக்கிற வரைக்கும் காபி. மருமகள் கதை முழுவதும் கேட்டாளாம். குக்கர் விசில் வந்தபோது இவர் காதைப் பொத்தியதைப் பார்த்து ஏதோ குறைத்தாளாம். இப்போது மருமகள் முணுமுணுப்பதுகூடக் காதில் விழுகிறதாம், அதுதான் கஷ்டம் என்றார்.

"நீயும் முன்ன அப்படித்தான் உட்காருவே. இப்ப உனக்கு நேரம் இல்ல."

என் ஸ்டூல். என் காபி. என் அம்மிக்கல். வண்டியை எடுத்து ஜி.எஸ்.டி. ரோடு வரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். குரோம்பேட்டை சிக்னலில் திட்டு தீர்ந்துவிட்டது. அவள் என்னிடமிருந்து எதையும் திருடவில்லை. நானேதான் தூக்கிக் கொடுத்தேன், தாராளமாக. அந்த லேப்டாப்பில் ஏதோ இருக்கிறது என்று அவள் நினைத்தாள். அவள் லேப்டாப்பில் ஏதோ இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

பொறாமை போகவில்லை. எழுதிவைக்கிறேன், போகவில்லை.

ஜூலை 3, வியாழன்

காலையில் தூறல். பெருங்களத்தூர் கார்டு சார் வீடு. சரியாகக் கேட்கவில்லை என்று போன் செய்தவர். கதவைத் திறந்தவர் முகத்தில் சிரிப்பில்லை. வாசல் சோபாவைக் காட்டினார். லேப்டாப்பை எடுத்தேன், மூடியைத் தூக்கியதும் திறந்துகொண்டது. சார்ஜ் நூறு.

மூடினேன்.

"சார், பிளக் பாயிண்ட் எங்க இருக்கு?"

"அடுப்படியிலதாம்மா. அவ சட்னி அரைச்சுகிட்டு இருக்கா, ஒரே சத்தமா இருக்குமே."

பரவாயில்லை என்று அங்கே கிடந்த ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.