செத்தவரும் வந்து கண்டிக்க வேண்டுமாம்

பாய்,

இன்று காலை ஸ்டேஷனிலிருந்து கான்ஸ்டபிள் வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். நாளை மாலை சமாதானக் கமிட்டிக் கூட்டம். எங்கோ வடக்கே குண்டு வெடித்திருக்கிறது, கூட்டம் நம் நீலசந்திராவில். ‘வரவேண்டிய முஸ்லிம் பிரமுகர்கள்’ என்று தனியாக ஒரு பட்டியல். நான்காவது பெயர் உங்களுடையது. உங்களை அடக்கம் செய்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் உங்களை விடமாட்டார்கள் போலிருக்கிறது. வந்த ஆத்திரத்தில் தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே குனிந்து எடுத்தேன். அந்தப் பட்டியலை முதன்முதலில் எழுதியவன் நான்தானே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் கெட்டுக் கிடந்தபோது ஆரம்பித்த கமிட்டி அது. நான் தெருச் சங்கத்தின் செயலாளர், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். ஆட்டோ சீட் தைக்கும் உங்கள் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வருவீர்கள். ரெக்ஸின் வாசனை உங்கள் சட்டையிலேயே இருக்கும். “பிஸ்கெட்டு நமுத்துப் போச்சு குரு, இவங்க சமாதானமும் இப்படித்தான் இருக்கும்” என்பீர்கள். முதலில் ஊர்வலம் எந்த வழியாகப் போவது என்றுதான் பேசினோம். போகப்போக, எந்த ஊரில் குண்டு வெடித்தாலும் இங்கே நோட்டைத் திறப்பது வழக்கமாயிற்று. முஸ்லிம்கள் முன் பெஞ்சில் உட்கார வேண்டும். ஒவ்வொருவராக எழுந்து ‘கண்டிக்கிறேன்’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் பின்னால் உட்கார்ந்து டீ குடித்தோம்.

“ஏன் செக்ரட்டரி, குண்டு வெச்சா உனக்குக் கோவம் வராதா? உன்னை ஏன் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க?” என்று ஒருநாள் கேட்டீர்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு உங்கள் மச்சான் செத்தார். தங்கையின் புருஷன், உங்கள் கடைக்கு ரெக்ஸின் வாங்க வெளியூர்ச் சந்தைக்குப் போனவர், அங்கே வெடித்த குண்டில் போனார். மூன்றாம் நாள் ஜியாரத் ஓதிக்கொண்டிருந்தபோது நான் வழக்கம்போல நோட்டீஸோடு உங்கள் வாசலில் நின்றேன். பட்டியலில் பெயர் இருந்தது, வந்துவிட்டேன். குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்த பிறகுதான் என்ன காரியம் செய்கிறேன் என்று உறைத்தது. நீங்கள் தாளை வாங்கிப் படித்தீர்கள். “வரலைன்னா அதையும் எழுதிக்குவாங்க. இரு, சட்டை மாத்திட்டு வரேன்” என்றீர்கள்.

அன்று ஒரு மந்திரி வேறு வந்திருந்தார். நல்ல முஸ்லிம்கள் அரசாங்கத்தின் பக்கம் நிற்கிறார்கள், உங்கள் பையன்கள் மேல் ஒரு கண் வையுங்கள் என்று கன்னடத்தில் பேசினார். முன் பெஞ்சில் துக்க வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். மந்திரியின் காதில் அவர் ஒரு வார்த்தை போடவில்லை. நீங்கள் எழுந்தீர்கள்.

“சார், குண்டு வெச்சவனைப் புடிங்க. பேரைச் சொல்லுங்க, உள்ளே போடுங்க, நாங்க யாரும் குறுக்கே வர மாட்டோம். ஆனா செத்தது எங்க வீட்டு ஆளு. நீங்கதான் எனக்கு ஆறுதல் சொல்லணும். நான் நல்லவன்னு உங்ககிட்ட வந்து நிரூபிக்கணுமா?”

நோட்டில் ‘கண்டிக்கிறேன்’ என்று எழுத வேண்டிய இடத்தில், ‘என் தங்கச்சி புருஷன் செத்துட்டார். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். “இந்தப் பக்கம் வேணாம்பா. மேலே அனுப்பணும், ஃப்ரெஷ்ஷா எழுதிடு.” அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன் பாய். ஏகமனதாகக் கண்டித்ததாக எழுதினேன். உங்கள் கையெழுத்தையும் நானே போட்டேன். ஒரு வாரம் கழித்து, “நான் எழுதினது மேலே போச்சா?” என்று கேட்டீர்கள். “போச்சு பாய்” என்றேன். மெஷினை மிதித்துக்கொண்டே தலையாட்டினீர்கள்.

கொன்றவன் கொலைகாரன், செத்தவர்கள் நம் ஜனங்கள். ஒரு சர்க்காருக்கு இதைச் சொல்ல என்ன கஷ்டம்? இத்தனை வருஷக் கூட்டங்களில் ‘உங்கள் சமூகம்’ என்று கேட்டேனே தவிர, ‘நம் ஜனங்கள்’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எவனோ செய்த கொலைக்கு ஒரு தெருவையே எழுப்பி நிற்க வைத்துப் பதில் கேட்பவர்களுக்கு வெட்கமே இல்லை. அதை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்த எனக்கும்தான் இல்லை.

கிழித்த பக்கத்தை நான் எறியவில்லை. டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் இத்தனை காலம் கிடந்தது. நாளை எடுத்துக்கொண்டு போகிறேன், முன் பெஞ்சில் உட்காரப் போகிறேன். நான்காவது பெயரைக் கூப்பிடும்போது எழுந்து, அவர் வரமாட்டார், அவர் எழுதியது வந்திருக்கிறது என்று சொல்லிப் படிப்பேன். கள்ளக் கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்பதையும் சொல்வேன். கடைசியாக உங்கள் மச்சானின் பெயரைச் சொல்வேன். அந்த அறையில் அதை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.