நாத்தனாருக்கு ஒரு பாஸ்

பிப்ரவரி 4, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு இன்று ஒரு புது ஆள். வேறு யார், என் நாத்தனார்தான். வீல்சேர் தள்ளும் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இவள் தாழ்வாரத்தில் ஓடுவதைப் பார்த்து எங்கள் கோச் சொக்கிப் போய்விட்டார். அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். அவர் காதில் விழாதபோது எங்களுக்கு அவர் 'சைரன்'. உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே நல்ல குணம் வேகம்.

முதல் நாள் பயிற்சியின் லட்சணம்: பந்தோடு கிளம்பினாள், பாதி வழியில் பந்தைக் கோட்டைவிட்டாள், அது தெரியாமலே கோல் வரைக்கும் ஓடிக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துத்தான் நின்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோகிறது. சைரன் சிரிக்கவில்லை. "ஆளா இது, ராக்கெட்டும்மா!" என்றார்.

பந்தை விட்டுவிட்டு ஓடுவதற்கு எதற்குக் கால்பந்து? பஸ் பிடிக்கப் போகலாமே.

பிப்ரவரி 9, ஞாயிறு

தபால் நிலையத்துப் பெண்களோடு நட்பு ஆட்டம். தோற்றோம்.

அணியில் ஏழு பேர். நடு இடம் என்னுடையது, பத்து வருடமாக. ஓட்டத்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசக் கூடாது. ஆனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் நிற்பவளின் கால் கட்டைவிரலில் பந்தை வைப்பேன். இன்று முன்னால் ஆடிய ராக்கெட்டுக்கும் அப்படியே வைத்தேன். பந்து போய்ச் சேரும்போது கட்டைவிரல் அங்கே இல்லை. ஆட்டம் முழுக்க இதே கூத்து.

வீட்டில் பாத்திரம் கழுவும்போது ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் நின்னு வாங்கினா என்னடி? பத்து வருஷமா எல்லாரும் நின்னுதான் வாங்கறாங்க."

"அதான் அண்ணி, பத்து வருஷமா தோக்கறீங்க."

என் வீட்டுக்காரர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சி பக்கமா, பெண்டாட்டி பக்கமா என்று கேட்டேன். "எனக்கு கிரிக்கெட்தான் பிடிக்கும்" என்றார். மனுஷன் பிழைக்கத் தெரிந்தவர்.

பிப்ரவரி 10, திங்கள்

தோற்றோம், சரி. அதை இவள் வாயால் கேட்க வேண்டுமா?

பிப்ரவரி 13, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோப்பை அரை இறுதி. அதில் நான் இல்லை. என் இடத்தில் ராக்கெட். முன்னால் ஆட மருந்தகத்திலிருந்து இன்னொரு ஓட்டக்காரியைப் பிடித்துவிட்டாராம்.

சைரன் தோளைத் தட்டிச் சொன்னார்: "வண்டி நல்ல வண்டிதாம்மா. ஆனா எமர்ஜென்சிக்கு எடுக்க முடியாது." என்னமோ பாராட்டு மாதிரி.

அழுதேன். சலவைப் பிரிவில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி: அத்தனை நீராவியில் யாருக்கும் தெரியாது. அந்த இடம் போனால் எனக்கென்று என்ன இருக்கிறது? ஆயிரம் படுக்கை விரிப்பு இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். எந்தப் பந்தானாலும் ராக்கெட்தான் முதலில் போய்ச் சேர்கிறாள். சேர்ந்து? திரும்பிப் பார்க்கிறாள், நம் ஆள் ஒருத்தியும் வந்திருக்கவில்லை. எதிராளிகள் கூட்டத்துக்குள் தானே நுழைந்து பறிகொடுக்கிறாள். ஒவ்வொரு தடவை பறிகொடுத்தபோதும் என் வயிறு குளிர்ந்தது. ச்சே, என்ன ஜென்மம் நான்! யாரோ கையில் பந்து பட்டு பெனால்டி கிடைத்து, ஒரு வழியாக இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டோம்.

வரும் வழியில் அவளாகவே சொன்னாள்: "தனியா ஓடறது போர் அண்ணி. பந்தப் புடிச்சிட்டு என்ன பண்றதுன்னே தெரியல."

வீட்டுக்கு வந்ததும் அவள் சாக்ஸையும் சேர்த்துத் துவைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் பிரிவிலிருந்து வார்டுக்குப் போகிற வழி சரிவு. காலித் தள்ளுவண்டியை மேலிருந்து ஒரு தள்ளு தள்ளினால் தானே வார்டு வாசல் வரை போய்விடும். செய்யக் கூடாது, எல்லோரும் செய்வோம். இன்று தள்ளிவிட்ட பிறகுதான் பார்க்கிறேன், கீழே பக்கவாட்டிலிருந்து ராக்கெட் ஓடி வருகிறாள். செத்தாள் என்றே நினைத்தேன். அவளோ ஓட்டத்தைக் குறைக்காமல் வண்டியின் பிடியைப் பற்றி, அதே வேகத்தில் வார்டுக்குள் போய்விட்டாள். "சூப்பர் அண்ணி!" என்று சத்தம் மட்டும் வந்தது.

நான் தள்ளியபோது அவள் அந்த இடத்தில் இல்லை. வண்டி வந்தபோது இருந்தாள்.

அட மடச்சி! பத்து வருடமாக நிற்கிறவர்களுக்குப் பந்து போட்டுவிட்டு, அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மத்தியானம் வேண்டுமென்றே மூன்று தடவை தள்ளிப் பார்த்தோம். ஒரு தடவை சுவரில் காரை பெயர்ந்தது. தலைமை நர்ஸ் வந்து, "இது ஆஸ்பத்திரியா, மைதானமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் குனிந்து காரையைப் பொறுக்கினோம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இறுதி ஆட்டம். பிஸ்கட் தொழிற்சாலை அணி. இடைவேளையில் நாங்கள் ஒரு கோல் பின்னால். நான் பெஞ்சில்.

ராக்கெட் தண்ணீர் குடித்துக்கொண்டே சைரனிடம், "அண்ணிய இறக்குங்க சார். இல்லன்னா நானும் இறங்கல" என்றாள். அவர் வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினார். கத்தி முடித்து என்னை நடுவில் இறக்கி, அவளை முன்னால் அனுப்பினார்.

முதல் பந்து கிடைத்ததும் காலி இடத்தில் தள்ளினேன். "யாருக்கும்மா குடுக்கற, அங்க ஆளே இல்லயே!" என்றார் சைரன். சொல்லி வாய் மூடவில்லை, ஆள் இருந்தாள். கோல்! ஓடி வந்து என்மேல் ஏறினாள், இடுப்பு பிடித்துக்கொண்டது.

கடைசி நிமிடங்களில் மறுபடி அவளிடம் பந்து, மூலையில். வழக்கம்போல் கூட்டத்துக்குள் முட்டப் போகிறாள் என்று பார்த்தால், தலையைத் தூக்கினாள். பார்த்தாள். பாஸ் கொடுத்தாள்! திறந்து கிடந்த கோலுக்கு எதிரே, எனக்கு. ஓடினேன். ஐயோ, என்ன ஓட்டம் ஓடினேன்! பந்து எனக்கு முன்னால் சாவகாசமாக உருண்டு வெளியே போனது.

அடுத்ததாக அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். முடிந்தது. இந்த வருடமும் போச்சு.

அவள் கொடுத்தது சரியான இடம்தான். நான்தான் அங்கே இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

என் முட்டியில் ஐஸ். "நல்ல பாஸ்டி அது" என்றேன். ஒரு நாள் முழுக்க ஆனது அதைச் சொல்ல. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் கொஞ்சம் மெதுவா போட்டிருக்கலாம்ல அண்ணி?" என்றாள்.

"மெதுவா போட்டீன்னா மண்டைய உடைப்பேன்."

மார்ச் 5, புதன்

காலையில் பால்காரர் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டார். நான் இரைக்க இரைக்க ஓடுவதை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னம்மா, யாராவது துரத்தறாங்களா?"

"இல்லங்க. நான்தான் துரத்தறேன்."

தெருக்கோடியிலிருந்து நாத்தனார் அடித்த பந்து அதற்குள் திருப்பத்தைத் தாண்டியிருந்தது.