ஆறு பன்னிரண்டு ரயிலுக்கு நீங்கள் நிற்கும் இடம்

என் அன்பு அண்ணைக்கு,

இருபது வருடம் கழித்து எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் கல்லறையை எடுத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு ஹில்டா ஜெர்மனியிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார். போன வசந்தத்திலேயே கல்லைத் தூக்கி, மண்ணைச் சமப்படுத்தி, புல் விதைத்துவிட்டார்களாம்.

அது அந்த ஊர்ச் சட்டம். இருபது வருடம் முடிந்தால் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே எனக்கு அறிவித்திருக்கிறார்கள், மொன்றியல் நகரில், அஹுன்ட்சிக்கில் நான் இருந்த பழைய வீட்டுக்கு. நகருக்கு வெளியே லவாலுக்கு மாறியபோது தெரிந்தவர்களுக்கெல்லாம் புது விலாசம் கொடுத்தேன். ஜெர்மனியில் உங்களை அடக்கிய சேமக்காலைக்கும் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்லறைக்குக் கெடு வைப்பதை நம் ஊரில் யார் கண்டார்கள்?

நாம் இருவரும் அகதியாகப் போய்ச் சேர்ந்த அந்த ஊருக்கு, தூங்க மட்டும் ஆட்கள் வருகிற ஊர் என்று நீங்கள்தான் பெயர் வைத்தீர்கள். ஒரு காலத்தில் மாடும் உருளைக்கிழங்குமாக இருந்த இடம். ரயில் பாதை போட்டதும் ஆண்கள் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போனார்கள், பிறகு பெண்களும். மாட்டுத் தொழுவங்களில் கார் நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மன்காரர்களை ஊர்க்கோடியில் ஒரு புதுத் தெருவில் குடிவைத்தார்கள். அப்படிக் கைவண்டியில் வந்த சிறுமிதான் நம் பக்கத்து வீட்டு ஹில்டா. நாற்பது வருடமாகியும் ஊர் அவரைப் புதுத்தெருக்காரி என்றுதான் சொன்னது. "அப்ப எங்களை என்னெண்டு சொல்லுவினம்?" என்று கேட்டுச் சிரித்தீர்கள்.

காலை ஆறு பன்னிரண்டு ரயிலுக்கு மேடையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். முதல் நாள் தெரியாமல் ஒரு கிழவரின் இடத்தில் நின்றுவிட்டேன். "டேய், தள்ளி நில். அது அந்த மனிசன்ரை இடம்," என்று என்னை இழுத்தீர்கள். மணிக்கூட்டுக்குக் கீழே உங்கள் இடம். ஒருவரும் பேச மாட்டார்கள். ரயிலில் தூங்குகிறவரை ஒருவரும் எழுப்ப மாட்டார்கள், அதுதான் அங்கே மரியாதை. நானும் பழகிக்கொண்டேன்.

பழகியதுதான் வினையாகப் போயிற்று. அந்தக் கடைசி நாள் மாலை திரும்பி வரும் ரயிலில் எனக்கு எதிரே கண்ணை மூடி இருந்தீர்கள். இரண்டு வேலை செய்த களைப்பு, தூங்கட்டும் என்று விட்டேன். நாம் இறங்கும் இடம் வந்தபோதுதான் தோளைத் தொட்டேன். நீங்கள் எழும்பவில்லை. அண்ணை, எந்த இடத்தில் போனீர்கள்? ஆற்றுப் பாலத்துக்கு முன்னமா, பிறகா? நான் கொஞ்சம் முந்தி எழுப்பியிருந்தால்?

அடக்கம் முடிந்து நான் வேலைக்குப் போன முதல் நாள் மேடை நிறைய ஆட்கள். மணிக்கூட்டின் கீழே மட்டும் ஒருவரும் இல்லை. நான் மொன்றியலுக்கு வரும்வரை அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. உங்களோடு ஒரு வார்த்தை பேசாத சனம் அது. எனக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது. நீங்கள் நிற்பது அவர்களுக்குத் தெரிகிறதோ என்று நினைத்தேன்.

இப்போது நான் இருக்கிற லவாலும் தூங்க வருகிற ஊர்தான். மெட்ரோவில் ஏறி ஜான்-டலோன் சந்தைக்குக் காய்கறிக் கடை வேலைக்குப் போகிறேன். யாராவது கண்ணை மூடி இருந்தால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். போன கிழமை, ஏறும்போது போனில் தமிழ் பேசிக்கொண்டு வந்த ஒரு சென்னைப் பெண், பிறகு அசையாமல் கிடந்தாள். பொறுக்க முடியாமல் தட்டிவிட்டேன்.

"அங்கிள், என்ன ஆச்சு? ஸ்டேஷன் வந்துடுச்சா?"

"இல்லைப் பிள்ளை. நித்திரை கொள்ளுங்கோ."

இறங்கும்வரை அவள் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கார்த்திகையில், மரித்தோர் திருநாளுக்கும் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டார்: "தம்பி, அண்ணையின்ரை கல்லறையிலை மெழுகுதிரி கொளுத்திச்சினமோ?" "ஓம் அம்மா," என்றேன். அப்படி ஒரு கல்லே இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

ஹில்டா ஒரு வழி சொல்கிறார். அந்தப் போரில் காணாமல் போன தன் தமையனின் பெயரை அவர்கள் தங்கள் குடும்பக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களே, அதன் கீழே உங்கள் பெயரையும் வெட்டட்டுமா என்று கேட்கிறார். "செத்தாலும் நான் இஞ்சை கிடக்க மாட்டன்," என்று நீங்கள் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது. இரண்டு கிழமை பதில் எழுதாமல் இருந்தேன். என் மனைவிதான் பேசினாள். "அந்த மனிசிதானே இவ்வளவு காலமும் கல்லறைப் பூவுக்குத் தண்ணி ஊத்தினது. ஓம் எண்டு எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். கல் வெட்டுகிறவருக்காக உங்கள் பெயரைத் தமிழில், ஒரு தாள் நிறையப் பெரிதாக எழுதி அனுப்பியிருக்கிறேன். என்னை மன்னியுங்கள். உங்களை வைக்க எனக்கு வேறு இடம் இல்லை.

வருகிற கோடையில் வருவேன். மெழுகுதிரியை நானே கொளுத்துவேன். மறுநாள் காலை மேடைக்குப் போவேன். மணிக்கூட்டின் கீழே இன்னும் ஒருவரும் இல்லையென்றால் இம்முறை பயப்பட மாட்டேன். பக்கத்தில் வந்து நிற்பேன். ரயில் வரும்வரை காத்திருக்காமல், முதலிலேயே உங்கள் தோளைத் தொடுவேன்.

தள்ளி நிற்கப் பழகிவிட்ட,
உங்கள் தம்பி