ஒன்று கழித்துப் பார்த்தேன்

சின்ச்சு,
அக்டோபர் 21

அன்புள்ள போ-யென் அண்ணாவுக்கு,

யா-சின் எழுதுகிறேன். நானும் நிங்கும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்கள் நலமா என்று கேட்க வாய் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள், கொஞ்சமாவது தூங்குகிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.

போன் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்ப்பதும் இல்லை. கடைசியில் தைத்துங்கில் உங்கள் அண்ணனைக் கூப்பிட்டேன். "எங்கிட்டயே வாயத் திறக்க மாட்டேங்கிறான்மா. விடிஞ்சா தோப்புக்குப் போயி சீத்தாப்பழத்துக்கு உறை மாட்டுறான். மாட்டுன உறையையே கழட்டித் திரும்ப மாட்டுறான்" என்றார். கடிதம் போட்டால் படிப்பாரா என்று கேட்டேன். கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். அதனால்தான் பல வருஷம் கழித்துப் பேனாவைத் தேடி எடுத்தேன். அந்த மனிதரை ரொம்ப நேரம் காக்க வைக்காமல் முழுவதும் படித்துவிடுங்கள்.

இங்கே காற்று ஆரம்பித்துவிட்டது. நிங் சைக்கிளை ஓட்ட முடியாமல் உருட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள். மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள். நீங்கள் போன பிறகு ஆபீசில் சோதனை அறைக்கு அவள் அப்பா பெயரை வைத்தார்கள். வாசலில் பித்தளைப் பலகை. ஷெங்-காய் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது, அவளுக்கு முகம் மறந்துகொண்டு வருகிறது. பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்பா இவ்வளவு பெரிய ஆளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆபீசில் ஒரு கூத்து. மெஷின் சமர்த்தாக ஓடட்டும் என்று மேலே வைப்போமே, பச்சைப் பொட்டலத் தின்பண்டம், அது காலாவதியாகிக் கிடந்ததாம். அதனால்தான் மருத்துவமனையில் நம் மருந்து ஏற்றும் பம்ப் நின்றது என்று கிசுகிசுக்கிறார்கள். லியாவ் ஒரு பெட்டி நிறையப் புதுப் பொட்டலம் வாங்கி வந்து மேஜைக்கு மேஜை வைக்கச் சொல்லிவிட்டார். நடந்ததற்கு நம் மேலாளர் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

போன வாரம் சியாயியிலிருந்து, பம்ப் நின்று இறந்துபோன அந்த அம்மாவின் மகன் வந்து நம் கேட்டுக்கு எதிரே நின்றார். தன் வான்கோழிச் சோற்றுக் கடையை மூடிவிட்டு வந்திருக்கிறார். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. பார்க்கப் பொறுக்காமல் நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் போ-யென் எங்க வீட்டுக்கு வந்து மண்டி போட்டாருங்க. சரி. ஆனா மருந்து எப்படிச் சத்தமே இல்லாம நின்னுச்சுன்னு கேட்டா தலையத்தான் குனிஞ்சாரு. கட்டில் பக்கத்துல நான்தானே உக்காந்திருந்தேன். ஒரு சத்தம் வந்திருந்தா நர்ஸக் கூப்பிட்டிருப்பேன்ல."

உள்ளே வந்து அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன்.

இனி எழுதப்போவது உங்களுக்கு அ, ஆ மாதிரி. ஆனாலும் விளக்கமாகவே எழுதுகிறேன். எதிரே இருக்கும் உங்கள் அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள். தம்பி எதற்காகத் தலை குனிந்து கிடக்கிறான் என்று அவருக்கும் தெரியட்டும்.

பம்ப் நின்ற நொடியில் அது விட்டுப்போனது, புரோகிராம் எந்த இடத்தில் இருந்தது என்று காட்டும் முகவரிகள் மட்டும்தான், வெறும் எண்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை நாம் எழுதிய எந்த பிளாக் (ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு, ஃபங்ஷன் என்பதும் அதுதான்) என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்து, இந்த எண் இந்த ஃபைலில் இந்த வரி என்று சொல்வது, தப்பைத் தேடித் தரும் டிபக்கரின் வேலை. லியாவ் அவசரத்துக்குத் தானே ஒரு குட்டிக் கருவியை எழுதி, அதில் எண்ணைப் போட்டுக் கூட்டத்தில் காட்டினார். உங்கள் ஃபங்ஷனின் முதல் வரி வந்தது. எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்த்தோம். நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னோடதுதான்" என்றீர்கள்.

அதே எண்ணை நான் நம் பழைய டிபக்கரில் போட்டேன். வேறு இடம் வந்தது.

ஒரு பிளாக் இன்னொன்றைக் கூப்பிடும்போது, கூப்பிட்ட இடத்தைக் குறித்து வைப்பதில்லை. வேலை முடிந்து திரும்பி வரவேண்டிய அடுத்த இடத்தைத்தான் குறிக்கிறது. ஆகவே கூப்பிட்டது யார் என்று தேட வேண்டுமானால் அந்த எண்ணில் ஒன்று கழித்துத்தான் தேட வேண்டும். பழைய டிபக்கர் கழிக்கும், லியாவின் கருவி கழிக்கவில்லை. கழித்தாலும் கழிக்காவிட்டாலும் அநேகமாக ஒரே பிளாக்தான் வரும், அதனால் தப்பு வெளியே தெரியாது. இங்கே மட்டும் ஒன்று கழித்ததும் ஃபைலே மாறியது. ஷெங்-காயின் ஃபைல்.

குழாயில் காற்று இருந்தால் பம்பை நிறுத்து, பிறகு அலாரம் அடி என்று எழுதியிருக்கிறார். நிறுத்தும் ஃபங்ஷனுக்குள் போனால் திரும்பி வருவது என்பதே கிடையாது. திரும்பி வராத இடத்துக்குப் பின்னால் ஒரு வரி எதற்கு என்று, நாம் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் அலாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது. அந்தக் காலி இடத்தை ஒட்டி வந்து நின்றது உங்கள் ஃபங்ஷன், திரும்பி வரவேண்டிய எண் அதன் முதல் வரியில் போய் விழுந்தது. பம்ப் ஊமையாக நின்றதற்கும் உங்கள் பெயர் திரையில் வந்ததற்கும் காரணம் ஒன்றுதான்.

தேதியைப் பார்த்தேன். அவர் உடம்பு முடியாமல் மருத்துவமனையில் இருந்தபோது எழுதியது. இடது கையில் ஊசி, மடியில் லேப்டாப், ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாரே, அந்த நாட்கள். நல்ல உடம்போடு இருந்திருந்தால் இந்தத் தப்பு அவரிடம் வராது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை வர இரண்டு நாள் ஆயிற்று.

அண்ணா, எது நின்றாலும் வந்து தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு "ஒன்னு கழிச்சியா?" என்று ஆபீசையே படுத்தி எடுத்தவர் நீங்கள். உங்களுக்கா தெரியாமல் போயிருக்கும்? அன்றைக்குத் திரையைப் பார்த்தபோதே மனதுக்குள் கழித்துவிட்டீர்கள். என்னையும் பார்த்தீர்கள், நிங்கையும் நினைத்தீர்கள். அப்புறம்தான் வாயைத் திறந்தீர்கள். இதற்கு நான் எந்த ஜென்மத்தில் நன்றி சொல்லித் தீர்ப்பேன்? ஆனால் இது வேண்டாம்.

லியாவிடம் போய்ச் சொன்னேன். ஒத்துக்கொண்டவர் இருக்கிறார், செவ்வாய்க்கிழமை விசாரணையோடு முடியப்போகிறது, செத்தவரை எதற்கு இழுக்கிறாய் என்றார். பிறகு பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னார்:

"போ-யெனும் ஊருக்குப் போறதுக்கு முந்தி ஷெங்-காய் ஃபைல்ல ரெண்டு வரிய மேல கீழ மாத்தணும்னு கேட்டாரும்மா. எதுக்குன்னா பாக்க அழகா இருக்கும்ங்கிறாரு. மருத்துவக் கருவியில அழகுக்காக எதையாவது தொட முடியுமா? அப்ப சரின்னுட்டு, அவரு போனதும் விட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சத்தமில்லாமல் தப்பைத் திருத்தச் சொல்லிவிட்டு, பழியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். திருத்தியாயிற்று என்ற நிம்மதியில்தான் அங்கே இருக்கிறீர்கள். இல்லை அண்ணா. அது மாறவே இல்லை. நல்லபடியாக இருந்த உங்கள் பிளாக்கை மாற்றி எழுதி, இதுதான் தீர்வு என்று எல்லா மருத்துவமனைக்கும் அனுப்பிவிட்டார்கள். அவருடையது எழுதியபடியே கிடக்கிறது. இதை நீங்கள் படிக்கும் இந்த நேரத்திலும் கட்டிலுக்குக் கட்டில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பிள்ளையோ தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, சத்தம் வரும் என்று நம்பிக்கொண்டு.

நான் சொன்னால் எடுபடவில்லை. ஒத்துக்கொண்டவரே மாற்றிச் சொன்னால்தான் பம்புகளைத் திரும்ப வாங்க முடியும் என்கிறார் நம் வக்கீல். அதுவரை எனக்குப் புருஷனை இழந்த துக்கத்தில் உளறுகிறவள் என்று பெயர்.

அவர் எழுதியதைச் சரிபார்த்து அனுப்பியது நீங்கள்தான், அது உங்களை அரிக்கிறது என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். எவ்வளவு உங்களுடையதோ அவ்வளவு உங்களுடையது. மிச்சத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் இருந்திருந்தால் கூட்டத்தில் உங்களுக்கு முன்னால் கையைத் தூக்கியிருப்பார். இருபது வருஷம் பழகிய உங்களுக்கு இதில் சந்தேகம் இருக்க முடியாது.

திங்கள் காலை ரயிலுக்கு உங்கள் அண்ணனே டிக்கெட் எடுத்துவிட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள். நேராக நம் வீட்டுக்கு வாருங்கள். அரிசி நூடுல்ஸ் செய்து வைக்கிறேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை விசாரணையில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். கடவுள் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

பலகையைக் கழற்றிவிடுவார்கள். நிங்கிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அவர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
யா-சின்